அண்ணப்பிளவுள்ள குழந்தைக்குப் பால் புகட்ட எந்த வழி? மார்பு, பாட்டில், பாலாடை, குழாய்: ஓர் ஒப்பீடு

உதட்டுப்பிளவோ அண்ணப்பிளவோ (வாயின் மேற்கூரையான அண்ணம் பிளந்திருப்பது) உள்ள குழந்தை பிறந்ததும் எல்லோருடைய பேச்சும் அறுவை சிகிச்சையைச் சுற்றியே போகும். அதற்கு மாதக்கணக்கில் அவகாசம் இருக்கிறது. பாலுக்கு அவகாசமில்லை, அடுத்த வேளை இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். எந்த பாட்டில் வாங்குவது, மார்பில் கொடுக்கவே முடியாதா, பாலாடை போதுமா, மூக்கில் குழாய் போட்டே ஆக வேண்டுமா என்று முடிவெடுக்க முடியாமல் நிற்பவர்களுக்காக இந்த ஒப்பீடு.

முதலில் ஒரு முடிச்சை அவிழ்த்துவிடலாம். எந்தப் பால் கொடுப்பது என்பது ஒரு கேள்வி. எதைக்கொண்டு புகட்டுவது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "மார்பைப் பிடிக்கவில்லை, அதனால் மாவுப்பாலுக்கு மாறிவிட்டோம்" என்ற முடிவு பல வீடுகளில் முதல் வாரத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. மார்பில் குடிக்க இயலாத குழந்தையும் பீய்ச்சிய தாய்ப்பாலை மட்டுமே குடித்து வளர முடியும். அண்ணப்பிளவுள்ள குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கோப்பதும் தொற்று வருவதும் அதிகம் என்பதால், தாய்ப்பால் தரும் பாதுகாப்பு இவர்களுக்குக் கூடுதலாகவே தேவை.

## தடை எங்கே இருக்கிறது

பால் குடிப்பதில் இரண்டு வேலைகள் சேர்ந்து நடக்கின்றன. ஈறாலும் நாக்காலும் காம்பை அமுக்குவது ஒன்று. வாயை இறுக மூடி, நாக்கைத் தாழ்த்தி, உள்ளே அழுத்தத்தைக் குறைத்துப் பாலை இழுப்பது மற்றொன்று. அண்ணம் பிளந்திருந்தால் வாயும் மூக்கும் ஒரே அறையாகிவிடும். இழுக்க இழுக்கக் காற்றுதான் வரும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் குடிப்பதுபோல. அமுக்கும் திறன் மட்டும் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். வேறு கோளாறு இல்லாத குழந்தைகளுக்கு விழுங்கும் திறனும் பொதுவாக நன்றாகவே இருக்கும்.

ஆகவே எல்லாச் சிறப்பு பாட்டில்களும் இரண்டில் ஒரு வேலையையாவது செய்கின்றன. குழந்தையின் அமுக்கத்தை வீணாக்காமல் பாலாக மாற்றுகின்றன, அல்லது ஊட்டுபவரின் கை அந்த வேலையை எடுத்துக்கொள்ள வழிசெய்கின்றன.

பிளவு எங்கே, எவ்வளவு என்பதே தேர்வில் பாதியைத் தீர்த்துவிடும்:

- உதட்டில் மட்டும், அல்லது உதடும் ஈறும்: பெரும்பாலான குழந்தைகள் மார்பிலேயே குடித்துவிடுவார்கள். மார்பின் மென்மையான சதையே பிளவை அடைத்துக்கொள்ளும்.
- மென்னண்ணத்தில் (அண்ணத்தின் மென்மையான பின்பகுதியில்) சிறு பிளவு: சிலர் சமாளிப்பார்கள், சிலருக்குப் போதாது. எடைதான் சொல்லும்.
- எலும்புள்ள முன்பகுதியான கடின அண்ணம் வரை நீளும் பிளவு, உதட்டோடு சேர்ந்தோ சேராமலோ: மார்பு மட்டுமே போதுவது அரிது. முதல் நாளிலிருந்தே மாற்று வழி தயாராக இருக்க வேண்டும்.
- தோலுக்கடியில் மறைந்த பிளவு: வெளியே தெரியாது. உள்நாக்கு இரண்டாகப் பிரிந்திருப்பது ஓர் அடையாளம். "மெதுவாகக் குடிக்கிற குழந்தை" என்றே பல வாரங்கள் ஓடிவிடும். மூக்கு வழியே அடிக்கடி பால் வந்தால் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.
- சின்னத் தாடை, பின்னால் விழும் நாக்கு, அண்ணப்பிளவு மூன்றும் சேர்ந்தால்: இது பியேர் ரோபான் தொகுப்பாக இருக்கலாம். இங்கே பாட்டில் இரண்டாம் கேள்வி, மூச்சு முதல் கேள்வி. கீழே சொல்லப்படும் எந்த வழியையும் மருத்துவக் குழு மூச்சுப்பாதையைப் பார்க்கும் முன் வீட்டில் முயல வேண்டாம்.

## எதை வைத்து எடை போடுவது

அரைமணி நேரம். ஒரு வேளைப் பால் 30 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஒரு மணி நேரம் போராடிக் குடிக்கும் குழந்தை, குடித்த பாலின் சத்தைக் குடிக்கும் உழைப்பிலேயே செலவழித்துவிடும். "மெதுவாகத்தான் குடிக்கிறான், ஆனால் முழுவதையும் குடித்துவிடுகிறான்" என்பது நல்ல செய்தி அல்ல.

எடை. பிறந்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வரை முதல் நாட்களில் குறைவது இயல்பு. 10–14 நாளுக்குள் அது மீண்டுவிட வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்குச் சராசரியாக 20–30 கிராம் ஏற வேண்டும். தொடக்கத்தில் வாரம் இரண்டு முறையாவது, ஒரே தராசில், உடையில்லாமல் நிறுத்துப் பாருங்கள்.

அளவு. முதல் வாரத்துக்குப் பிறகு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மி.லி. என்பது தொடக்கக் கணக்கு. 3 கிலோ குழந்தைக்கு 450 மி.லி.; எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு ஏறத்தாழ 55 மி.லி. சில குழந்தைகளுக்கு இன்னும் கூடத் தேவைப்படும். நாளுக்கு ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்க வேண்டும்.

ஓட்டம் யார் கையில்? குழந்தையா, ஊட்டுபவரா? குழந்தையின் கையில் இருந்தால் புரையேறும் ஆபத்து குறைவு. ஊட்டுபவரின் கையில் இருந்தால் பலவீனமான குழந்தைக்கும் பால் போகும், ஆனால் பழகிய கை வேண்டும்.

கழுவுவதும் ஆள்பலமும். எத்தனை பாகம், கொதிநீர் கிடைக்குமா, ஒரு பாகம் கிழிந்தால் மாற்று கிடைக்குமா, இரவில் வேறொருவர் ஊட்ட முடியுமா. வாங்கும்போது யாரும் கேட்காத கேள்விகள் இவை. மூன்றாம் வாரத்தில் ஆளைச் சோர்வடைய வைப்பவையும் இவைதான்.

## நேரடியாக மார்பில்

உதட்டில் மட்டும் பிளவு என்றால் இதுவே முதல் தேர்வு. பிளவுள்ள பக்கம் மார்போடு ஒட்டும்படி குழந்தையை வைத்து, தேவைப்பட்டால் பெருவிரலால் இடைவெளியை மூடிக்கொள்ளுங்கள். குழந்தையை அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் வைத்துக்கொள்வதோ, மடியில் இருபுறமும் கால் போட்டு நிமிர்த்தி உட்கார வைப்பதோ படுக்கவைத்துக் கொடுப்பதைவிடச் சுலபம்.

அண்ணமும் பிளந்திருந்தால் ஏமாறுவது எளிது. வாய் அசையும், குழந்தை அமைதியாக இருக்கும், அப்படியே தூங்கியும் போகும். வயிறு நிறைந்து தூங்கியதா, களைத்துத் தூங்கியதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. நுட்பமான தராசு இருந்தால், கொடுக்கும் முன்னும் பின்னும் அதே உடையோடு நிறுத்துப் பாருங்கள். கூடிய ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ ஒரு மி.லி. பால். விழுங்கும் ஒலி கேட்காமல் "டக், டக்" என்ற ஒலி மட்டும் கேட்டால் பிடி விட்டுவிட்டுப் போகிறது என்று பொருள்.

மார்போடு மெல்லிய குழாயை ஒட்டிக் கூடுதல் பால் தரும் கருவி சிலருக்குப் பரிந்துரைக்கப்படும். குழந்தை இழுத்தால்தான் அதில் பால் வரும் என்றால் அண்ணப்பிளவுக்கு அது உதவாது. பின்னாலிருந்து ஒருவர் சிரிஞ்சால் மெல்லத் தள்ள வேண்டியிருக்கும்.

மார்பால் பசி தீராவிட்டாலும் அதை விட்டுவிடத் தேவையில்லை. பாட்டிலில் வயிறு நிறைந்த பின் சில நிமிடம் மார்பில் வைப்பது குழந்தைக்கு ஆறுதல், பால் சுரக்கவும் தூண்டல். அதை ஒரு வேளைப் பாலாகக் கணக்கில் சேர்க்காமல் இருந்தால் போதும்.

## அமுக்கும் பாட்டில்

மெல்லிய பக்கங்கள் கொண்ட பாட்டில், குறுக்குவெட்டுத் துளையுள்ள நிப்பிள். மீட் ஜான்சன் பாட்டில் இந்த வகை. குழந்தை வாயை அசைக்கும்போது ஊட்டுபவர் பாட்டிலை மெல்ல அமுக்கி விட வேண்டும். பாகங்கள் குறைவு, கழுவுவது எளிது, கைவிரலால் அமுக்கத்தை அளந்து கொடுக்கலாம்.

சிக்கல் முழுக்கத் தாளத்தில்தான். குழந்தை உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடும். கை அந்த வரிசையைப் பின்தொடர வேண்டும், முந்தக் கூடாது. சீக்கிரம் முடிக்கும் அவசரத்தில் தொடர்ந்து அமுக்கினால் புரையேறும், பிறகு குழந்தை பாட்டிலைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கண் அகல விரிவது, விரல்கள் விறைப்பது, மூக்குத் துவாரம் விடைப்பது, வாயோரம் பால் வழிவது இவையெல்லாம் "போதும், நிறுத்து" என்பதற்கான அடையாளங்கள். ஒருவர் பழகிக்கொண்டால் இன்னொருவர் கையில் கொடுக்கத் தயங்குவார். இரவும் பகலும் ஒரே ஆள் மாட்டிக்கொள்வது இதன் மறைமுகச் செலவு.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2011-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, அமுக்கும் பாட்டில்கள் கடினமான பாட்டில்களைவிடப் பயன்படுத்த எளிது என்றும், குழந்தையின் வளர்ச்சியில் இரண்டுக்கும் இடையே வேறுபாட்டுக்குச் சான்று இல்லை என்றும் சொன்னது. எந்த பாட்டில் "சிறந்தது" என்ற தேடலில் நாட்களைக் கழிக்க வேண்டியதில்லை என்பதற்கு இது போதும்.

## வால்வு பாட்டில்

நிப்பிளின் அடியில் ஒருவழி வால்வு இருக்கும். நிப்பிளுக்குள் வந்த பால் மீண்டும் பாட்டிலுக்குத் திரும்பாது. அதனால் குழந்தை ஈறால் அமுக்கும் ஒவ்வொரு முறையும் பால் ஒரே திசையில், வாய்க்குள் மட்டுமே போகும். மூன்று வகைகள் அதிகம் புழக்கத்தில் உள்ளன.

பிஜன்: நிப்பிளின் ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மென்மை. தடித்த பக்கம் மேலே அண்ணத்தை நோக்கியும் மெல்லிய பக்கம் நாக்கின் மேலும் இருக்க வேண்டும். காற்றுத்துளைப் பள்ளம் குழந்தையின் மூக்குக்குக் கீழே வந்தால் சரியாக வைத்திருக்கிறீர்கள். தலைகீழாக வைத்துவிட்டு "பாட்டில் வேலை செய்யவில்லை" என்பது வழக்கமான புகார்.

டாக்டர் பிரௌன்ஸ்: வழக்கமான நிப்பிளுக்குள் நீல நிற வால்வைப் பொருத்தும் முறை. பல ஓட்ட அளவுகளில் நிப்பிள் கிடைப்பதால், வேகம் அதிகமானால் ஓர் அளவு குறைந்த நிப்பிளுக்கு மாறலாம். பாகங்கள் அதிகம்.

ஹேபர்மன்: 1980-இல் பிறந்த தன் மகளுக்குப் பாலூட்டப் போராடிய மேண்டி ஹேபர்மன் வடிவமைத்தது, பிறகு மெடெலா நிறுவனத்தின் வழியாகப் பரவியது. நீளமான மெல்லிய நிப்பிள், வெட்டுத் துளை. நிப்பிளில் மூன்று நீளங்களில் கோடுகள் உண்டு. எந்தக் கோடு குழந்தையின் மூக்குக்கு நேராக வருகிறதோ அதுதான் அப்போதைய ஓட்டம். சின்னக் கோடு என்றால் மிகக் குறைவு, நீளக் கோடு என்றால் அதிகம். தேவைப்பட்டால் நிப்பிளையே மெல்ல அமுக்கவும் முடியும். குழந்தையின் முயற்சி, ஊட்டுபவரின் உதவி இரண்டுக்கும் இது இடம் தருகிறது. களைத்துப்போகும் குழந்தைக்கு நாங்கள் முதலில் நினைப்பது இதை.

மூன்றுக்கும் பொதுவான ஒரு படி: வாயில் வைக்கும் முன் நிப்பிளை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, பாட்டிலைக் கவிழ்த்து விட்டு, நிப்பிள் நிறையப் பாலை ஏற்றிக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டால் முதல் சில நிமிடம் குழந்தை காற்றைத்தான் விழுங்கும்.

வால்வு மெல்லிய ஏடு. தேய்ந்தோ கிழிந்தோ போனால் பாட்டில் சாதாரண பாட்டிலாகிவிடும். நேற்றுவரை 20 நிமிடத்தில் குடித்த குழந்தை இன்று 45 நிமிடம் எடுத்தால், குழந்தையைச் சந்தேகிக்கும் முன் வால்வை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மாற்று வால்வும் நிப்பிளும் எப்போதும் வீட்டில் ஒரு ஜோடி இருக்க வேண்டும். அமுக்கவே தெம்பில்லாத குழந்தைக்கும், தாடை மிகச் சிறிதான குழந்தைக்கும் பிஜன் வகை தனியாகப் போதாது.

இன்னொன்று: சாதாரண பாட்டிலின் நிப்பிள் துளையைச் சூடான ஊசியால் பெரிதாக்கும் பழக்கம். துளை பெரிதானால் குழந்தை அமுக்காதபோதும் பால் கொட்டும், நிறுத்த வழியில்லை. குறுக்குவெட்டுத் துளை அமுக்கம் நின்றதும் மூடிக்கொள்ளும். குத்திய துளை மூடாது. இந்த ஒரு சிக்கனத்தை மட்டும் செய்யாதீர்கள்.

## பாலாடை, கிண்ணம், கரண்டி

கழுவ ஒரே பாகம், வளைவு நெளிவு இல்லை, உடைய வால்வில்லை. கொதிநீரும் எரிபொருளும் அரிதாகக் கிடைக்கும் இடத்தில், சரியாகக் கழுவாத வால்வு பாட்டிலைவிடச் சுத்தமான பாலாடை நிச்சயம் பாதுகாப்பானது. சிறப்பு பாட்டில் வந்து சேரும்வரை உடனே கையிலெடுக்கக்கூடிய வழியும் இதுதான்.

குழந்தையை நிமிர்த்தி வைத்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் மேல் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்குச் சாய்க்க வேண்டும். ஒவ்வொரு வாயும் விழுங்கிய பிறகே அடுத்தது. வாய்க்குள் ஊற்றினால் புரையேறும்.

இதன் மறைமுகச் செலவு சிந்துவது. கழுத்துத் துணியில் எவ்வளவு போகிறது என்பதை யாரும் கணக்கிடுவதில்லை. துணியை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால் தெரியும். பாலாடையில் 60 மி.லி. எடுத்து, துணி 15 கிராம் கூடியிருந்தால் உள்ளே போனது 45 தான். குழந்தை வளர வளர அளவு கூடும், நேரமும் நீளும். நீண்டகாலம் இதை மட்டுமே நம்பினால் உறிஞ்சும் பயிற்சி குறைவதும் உண்டு. முதல் சில வாரங்களுக்கும், பாட்டில் கிடைக்காத இடங்களுக்கும் நல்ல தேர்வு.

## மூக்குக் குழாய்

வேறு கோளாறில்லாத அண்ணப்பிளவுக்கு இது வழக்கமாகத் தேவைப்படாது. "பிளவு இருக்கிறது, குழாய் போடுங்கள்" என்பது பயிற்சி பெற்ற ஊட்டுநர் இல்லாத இடங்களில் எடுக்கப்படும் குறுக்குவழி. குறைமாதம், மூச்சுத்திணறல், பியேர் ரோபான், இதயக் கோளாறு, பாதுகாப்பாக விழுங்க முடியாமை ஆகியவை இருந்தால் கதை வேறு. அங்கே குழாய் உயிர்காக்கும்.

குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் உறுதி செய்ய வேண்டும். குழாய் வழியே உறிஞ்சியெடுத்த திரவத்தின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 5.5-க்கு மேல் போகக் கூடாது. நுரையீரலில் நுழைந்த குழாயில் பால் விடுவது பேராபத்து என்பதால், பயிற்சி பெறாமல் வீட்டில் செய்யக் கூடாது. வாரக்கணக்கில் வாயே பயன்படாமல் இருந்தால் பின்னர் எதை வாயருகே கொண்டுவந்தாலும் குழந்தை ஒவ்வாமல் ஓங்கரிக்கும். குழாய் இருக்கும்போதே, குழு அனுமதித்தால், சில துளிப் பாலை நாக்கில் சுவைக்கவிடுங்கள்.

## அண்ணத்தை மூடும் தட்டு

பல்மருத்துவர் அச்செடுத்துச் செய்யும் மெல்லிய தட்டு. ஊட்டுவதற்காகவே இதைப் போடுவதற்கு ஆதாரம் வலுவாக இல்லை. முன்சொன்ன தொகுப்பாய்வும் வளர்ச்சிக்கு இது உதவுவதாகக் காணவில்லை. குழந்தை வளர வளர மாற்ற வேண்டும், ஈறில் புண்ணும் பூஞ்சையும் வரலாம். அறுவை சிகிச்சைக்கு முன் ஈறையும் மூக்கையும் சீரமைக்கப் போடும் தட்டு வேறு. அதன் நோக்கமும் வேறு.

## ஒரே பார்வையில்

| வழி | ஓட்டம் யார் கையில் | எப்போது பொருந்தும் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| மார்பு | குழந்தை | உதட்டுப்பிளவு. உதடும் ஈறும் | போதாமை வெளியே தெரியாது, தராசு அவசியம் |
| அமுக்கும் பாட்டில் | ஊட்டுபவர் | அமுக்கும் திறன் குறைந்த குழந்தை, பழகிய கை | ஒரே ஆளின் உழைப்பு, புரையேறும் அபாயம் |
| பிஜன், டாக்டர் பிரௌன்ஸ் | குழந்தை | நன்றாக அமுக்கும், தெம்புள்ள குழந்தை | வால்வு தேய்மானம், பல பாகங்களைக் கழுவுவது |
| ஹேபர்மன் | இருவரும் | தொடக்கத்தில் நன்றாகக் குடித்துப் பாதியில் களைக்கும் குழந்தை | மாற்றுப் பாகங்கள், பழகும் நேரம் |
| பாலாடை, கிண்ணம் | ஊட்டுபவர் | பாட்டில் வரும்வரை. சுத்தம் கடினமான இடம் | சிந்தும் பால், நீளும் நேரம் |
| மூக்குக் குழாய் | ஊட்டுபவர் | மூச்சு அல்லது விழுங்கல் கோளாறு | இடம் சரிபார்ப்பு, பின்னர் வாயால் குடிக்க மறுப்பது |

## பீய்ச்சும் வேலை

மேலே உள்ள எந்த வழியிலும் தாய்ப்பால்தான் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், பின்னால் ஒரு முழுநேர வேலை நிற்கிறது. 24 மணி நேரத்தில் எட்டு முறையாவது, அதில் ஒன்று இரவில், பிறந்த சில மணி நேரத்திலிருந்தே தொடங்க வேண்டும். முதல் இரண்டு வாரத்தில் விட்டதைப் பின்னால் பிடிப்பது கடினம். சீம்பாலைக் கையால் பீய்ச்சுவது பம்பைவிட எளிது. பால் ஊறிய பிறகு இரு பக்கமும் ஒரே சமயத்தில் எடுக்கும் மின்பம்ப் நேரத்தைப் பாதியாக்கும்.

பீய்ச்சிய பால் 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரம், குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள் வரை தாங்கும். வெயில் கடுமையான நாளில் அறையில் வைக்க வேண்டாம். ஊட்டுபவர், பீய்ச்சுபவர், கழுவுபவர் மூன்றும் தாயே என்றால் எந்தச் சிறந்த பாட்டிலும் ஒரு மாதம் தாங்காது. பாட்டிலைத் தேர்ந்தெடுக்கும்போதே கழுவும் வேலை யாருடையது என்பதையும் முடிவு செய்துவிடுங்கள்.

## எதைத் தேர்ந்தாலும் மாறாதவை

தலை வயிற்றைவிட உயரத்தில், குறைந்தது 45 டிகிரி சாய்வில் குழந்தை இருக்க வேண்டும். மூக்கு வழியே பால் வந்தால் பதற வேண்டாம். நிறுத்தி, தும்மவிட்டு, துடைத்து, தொடரலாம். காற்று அதிகம் விழுங்குவதால் 15–30 மி.லி.க்கு ஒருமுறை ஏப்பம் எடுக்கவிடுங்கள். நிப்பிளைப் பிளவுக்குள் செருகாமல், அண்ணத்தில் எலும்பு உள்ள பக்கம் பார்த்து வையுங்கள்.

## எப்போது மாறுவது

ஒரு வழியைத் தொடங்கினால் இரண்டு மூன்று நாள் அதற்கு வாய்ப்புக் கொடுங்கள். வேளைக்கு வேளை பாட்டிலை மாற்றினால் குழந்தை எதையும் கற்றுக்கொள்ளாது. ஆனால் 30 நிமிடத்தைத் தொடர்ந்து தாண்டினாலோ, இரண்டு வார முடிவில் பிறந்த எடை மீளாவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். உதடு நீலம் பாய்ந்தால், குடிக்கும்போது மூச்சு நின்று நின்று வந்தால், எழுப்பியும் குடிக்க எழாவிட்டால், சிறுநீரில் நனையும் துணி நாளுக்கு நான்குக்கும் குறைந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

உதட்டு அறுவை சிகிச்சை பொதுவாக 3 முதல் 6 மாதத்துக்குள். பத்து வார வயது, 10 பவுண்டு எடை (ஏறத்தாழ 4.5 கிலோ), ஹீமோகுளோபின் 10 என்ற பழைய அளவுகோலை இன்றும் பல குழுக்கள் பார்க்கின்றன, எடை ஏறாவிட்டால் தேதி தள்ளிப்போகும். அண்ண அறுவை சிகிச்சை பெரும்பாலும் 9 முதல் 18 மாதத்துக்குள். அதன்பின் சில வாரம் பாட்டிலும் நீள நிப்பிளும் கூடாது என்று சொல்லும் குழுக்கள் உண்டு. உடனே அனுமதிக்கும் குழுக்களும் உண்டு. உங்கள் அறுவை மருத்துவரிடம் ஆறாம் மாதத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கூடாது என்றால், திறந்த கிண்ணத்தில் குடிக்கும் பழக்கத்தை அப்போதே தொடங்கலாம்.